குறைந்தாலும் மஞ்சள், மிகுந்தாலும் மஞ்சள்



கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், பைபாஸ் சாலையைத் தாண்டியதும் தாப்பா குப்பைமேடு தெரியும். அதன் காலடியிலேயே காலிஃபிளவரும் கீரையும் முள்ளங்கியும் மக்காச்சோளமும் விளைகின்றன. இன்னும் கிழக்கே போனால், ‘பேரி’ என்று வங்காளிகள் சொல்லும் மீன் குளங்கள். அவற்றுக்கும் அப்பால் நெல் வயல்கள். லேக் மார்க்கெட்டிலும் கரியாஹாட்டிலும் நாம் பை நிறைய வாங்கிவரும் காய்கறியிலும் மீனிலும் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரும் நாம் கொட்டும் குப்பையும்தான் இந்தக் குளங்களுக்கும் வயல்களுக்கும் உரம்.

இந்த மாத இதழைக் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மீனவர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் உள்ளே நிறையப் படிப்பீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. பயிருக்குக் கொஞ்சம் தேவைப்படும் துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்கள் மண்ணில் மிதமிஞ்சிப் போனால் நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் என்ன செய்கின்றன? கொல்கத்தாத் தமிழர்களான நம்மில் பலருக்குத் தஞ்சையிலோ நெல்லையிலோ வேலூர்ப் பக்கமோ இன்னும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஆகவே இது தாப்பாவின் கேள்வி மட்டுமன்று, நம் ஊர்க் கேள்வியும்கூட.

முதலில் இந்த இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நகரம் தன் குப்பையைத் தாப்பாவில் கொட்டிவந்தது. அந்தக் குப்பைமண்ணிலேயே காய்கறி பயிரிடும் வழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. நகரத்துக் கழிவுநீர் கலந்துவந்த வித்யாதரி ஆறு மண்மேடிட்டு, 1928இல் செத்த ஆறு என்றே அறிவிக்கப்பட்டது. அதன்பின் உப்புநீர் வராமல் போன ஏரிகளில் சாக்கடை நீரைவிட்டு மீன் வளர்க்கும் வித்தையை உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆழமில்லாத குளத்தில் கழிவுநீரைத் தேக்கிவைத்தால் வெயிலும் பாசியும் அதைச் சில நாள்களில் தெளிய வைத்துவிடும். பாசியை மீன் தின்னும், குளத்திலிருந்து வழியும் நீர் நெல்லுக்குப் பாயும். 1980களில் மாநில அரசின் பொறியாளராக இங்கே வந்த துருபஜோதி கோஷ், இது கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை இலவசமாகச் செய்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இதைக் காக்கத் தீர்ப்பளித்தது. 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு, சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. கோஷ் 2018 பிப்ரவரியில் காலமானார். இந்த நகரம் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

ஆனால் இந்த அற்புதமான ஏற்பாட்டால் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. மலம், சிறுநீர், சோறு, காய்கறித் தோல் எல்லாமே மக்கும். மக்கி மீனாகவும் நெல்லாகவும் மாறும். உலோகம் மக்காது. அதை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்க முடியாது. குளத்து நீரில் பாசி செழிக்கும்போது நீரின் காரத்தன்மை ஏறும். அப்போது உலோகங்களில் பெரும்பகுதி கரையாத உப்புகளாகி அடிச்சேற்றில் படியும். கரையோரம் வளர்க்கும் ஆகாயத்தாமரையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். நீர் தெளிந்துவிடுகிறது. உலோகம் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சேற்றை வாரி வயலில் போட்டால் அதுவும் கூடவே வயலுக்கு வந்துவிடும்.

இத்தனை உலோகம் எங்கிருந்து வருகிறது? முலாம் பூசும் பட்டறைகள், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், தோல் பதனிடும் கூடங்கள், சாயம், பெயின்ட் என்று பல வாசல்கள். டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் தோல் கூடங்களை நகரத்துக்கு வெளியே பாண்டாலாவுக்கு மாற்றும்படி உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் உத்தரவிட்டதும் அவற்றின் கழிவினால்தான். ஆலைகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வண்டி டயரின் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. தேய்ந்த தூள் சாலையில் கிடந்து, முதல் மழையிலேயே சாக்கடைக்குப் போகிறது. பிரேக் கட்டைகளிலிருந்து தாமிரம் வருகிறது. தகரக் கூரைகளில் பூசிய துத்தநாகம் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. குப்பைத்தொட்டியில் நாம் போடும் டார்ச் பேட்டரியிலும் துத்தநாகமும் மாங்கனீசும் உண்டு. தாப்பா மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் உலோகங்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது. குப்பைமேட்டுக்கு அருகில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு.

இனிப் பயிரிடம் வருவோம். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், நிக்கல், மாலிப்டினம் ஆகிய உலோகங்கள் பயிருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் வேண்டியது மிகக் கொஞ்சம். நிக்கல் தேவை என்பதே 1987இல்தான் உறுதியாயிற்று. அமெரிக்க ஆய்வாளர்கள் பார்லியை நிக்கல் இல்லாமலே வளர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பார்லியின் விதை சரியாக முளைக்கவில்லை. ஒரு டன் நெல் விளைய, தானியத்துக்கும் வைக்கோலுக்கும் சேர்த்தே துத்தநாகம் சுமார் 50 கிராம் போதும். ஏறக்குறைய ஒரு கைப்பிடி உப்பின் எடைதான்.

அந்தக் கொஞ்சம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இந்திய விவசாயிக்கு நன்றாகத் தெரியும். 1960களின் நடுவில் பந்த்நகரில் ஒய்.எல். நெனே, தராய் பகுதி நெல்லை வாட்டிய ‘கைரா’ நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைபாடே என்று காட்டினார். அதிலிருந்து ஜிங்க் சல்ஃபேட் நம் நெல் சாகுபடியின் பகுதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 25 கிலோவை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவச் சொல்வார்கள். அது எத்தனையோ வயல்களைக் காப்பாற்றியது. ஆனால் நுண்ணூட்டம் என்றாலே ‘பற்றாக்குறை, போட வேண்டும்’ என்ற எண்ணமும் நமக்குள் அப்படியே வேரூன்றிவிட்டது.

மிகுதியின் கதை வேறு. துத்தநாகம் மிகுந்த மண்ணில் வளரும் நெல்லையோ மக்காச்சோளத்தையோ பாருங்கள். இளம் இலைகள் வெளிறும், நரம்புகளுக்கு இடையே மஞ்சள் ஓடும், பயிர் குட்டையாகும். பார்த்தால் இரும்புச் சத்துக் குறைவு என்றே தோன்றும். பாதி உண்மையும் அதுதான். மண்ணில் இரும்பு இருக்கிறது, துத்தநாகம் அதன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. புல்லினப் பயிர்கள் இரும்பைத் தேட ஒரு தனி வழி வைத்திருக்கின்றன. வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, அது மண்ணில் கிடக்கும் இரும்பைப் பற்றிக்கொண்டதும் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். 1976இல் ஜப்பானின் தக்காகி என்ற அறிஞர் இந்த வேர்க்கசிவின் வேலையை வெளிக்கொண்டு வந்தார். பார்லி இதைச் சூரியன் உதித்துச் சில மணி நேரத்தில் மொத்தமாகக் கசியவிடும். மண்ணில் துத்தநாகமும் தாமிரமும் மிகுந்திருந்தால், இரும்புக்காக அனுப்பிய அந்தப் பொருளை அவை பற்றிக்கொள்கின்றன. பயிர் இரும்புக்கு ஏங்குகிறது, இலை மஞ்சளாகிறது.

விவசாயி மஞ்சளைப் பார்க்கிறார். கடையில் கேட்கிறார். நுண்ணூட்டக் கலவை ஒரு பொட்டலம் கொடுக்கிறார்கள். அதில் துத்தநாகமும் இருக்கிறது, தாமிரமும் இருக்கிறது. எது மிகுந்து பயிர் மஞ்சளானதோ, அதுவே மறுபடி வயலுக்குப் போகிறது. குறைந்தாலும் மஞ்சள், மிகுந்தாலும் மஞ்சள் என்பதால் கண்ணை மட்டும் நம்பி மருந்து போட முடியாது. இந்த இதழில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாமிரம் மிகுந்தால் அடி முதலில் வேருக்குத்தான் விழும். ஒரு பயிரைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பார்த்தால் தெரியும். வேர் நீளாமல், தடித்து, கறுத்து, பக்கவேர்கள் கட்டைகட்டையாக நின்றுபோயிருக்கும். தாமிரத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுவதால் இலையைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அளவு அதிகம் காட்டாது. மேலே பச்சை இருக்க, கீழே வேர் முடங்கிக் கிடக்கும். திராட்சை, காப்பித் தோட்டங்களில் பூஞ்சாணத்துக்குப் பல காலம் தாமிர மருந்து தெளித்த மண்ணில் பிறகு தானியம் விதைத்தால் இந்தத் தொல்லை வரும்.

இரும்பின் நஞ்சு நெல்லுக்கு வேறு எதையும்விட நெருங்கிய பகை. வயலில் நீர் கட்டியதும் மண்ணில் காற்று தீரும். துருவாகக் கிடந்த இரும்பு கரையும் இரும்பாக மாறும். அமில மண்ணில் அது அளவுகடந்து கரைந்து வேருக்குள் புகும். கீழ் இலையின் நுனியில் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் தோன்றி, அடிநோக்கிப் பரவி, இலை முழுவதும் செம்பழுப்பாகிக் காயும். ‘பயிர் சிவக்கிறது’ என்பார்கள். இலங்கையின் ஈரமண்டல வயல்களில் கண்ட இந்த நோய்க்குக் கரைந்த இரும்பே காரணம் என்று 1950களில் விளக்கியவர் அந்நாட்டு மண் வேதியியலாளர் பொன்னம்பெரும. நீர் நின்ற மண்ணின் வேதியியலை இன்றும் உலகம் அவருடைய எழுத்திலிருந்தே கற்றுக்கொள்கிறது. கேரளத்தின் செம்புறை மண்ணிலும் ஒடிசாவிலும் அஸ்ஸாமிலும் இந்தத் தொல்லை உண்டு. சாம்பல் சத்து குறைந்த வயலில் இது இன்னும் கடுமையாகும். அதனால்தான் பொட்டாஷ் இடுவதும் சில நாள் நீரை வடித்து மண்ணுக்குக் காற்று காட்டுவதும் சுண்ணாம்பு இடுவதும் இதற்கு வைத்தியம்.

இத்தனை ஆபத்திலும் பயிர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. நெல் தன் தண்டில் உள்ள காற்றுக்குழல் வழியே ஆக்சிஜனை வேருக்கு இறக்கி, வேரைச் சுற்றிக் கசியவிடுகிறது. அருகில் வரும் கரைந்த இரும்பு அங்கேயே துருவாகி, வேர்மேல் செம்பழுப்புப் பூச்சாகப் படிகிறது. நல்ல நிலையில் உள்ள நெல் வேரைக் கழுவிப் பார்த்தால் இந்தச் செம்பூச்சும், நுனியில் மட்டும் புது வெள்ளையும் தெரியும். அந்தப் பூச்சு வேறு பல உலோகங்களையும் ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. அதையும் மீறி உள்ளே வந்ததைப் பயிர் தன் வேர்ச் செல்களின் குமிழிகளில் பூட்டிவைக்கிறது. மீதியைச் சில சிறு புரதங்கள் பிடித்துக் கட்டிப்போடுகின்றன.

என்னை மிகவும் வியக்க வைப்பது கணு. நெல் தண்டைக் கையில் எடுத்துக் கணுவில் நகத்தால் கீறிப் பாருங்கள். வெளியே ஒரு முடிச்சுதான் தெரியும். உள்ளே, வேரிலிருந்து ஏறிவரும் குழாய்கள் எல்லாம் கூடி, எது பழைய இலைக்கு, எது குருத்துக்கு, எது கதிருக்கு என்று பிரியும் இடம் அது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் யமாஜி, ஜியான் ஃபெங் மா குழுவினர் 2013இல் மாங்கனீசை வைத்து இதைக் காட்டினார்கள். மாங்கனீசு குறைவாக இருந்தால் கணுவில் உள்ள ஒரு கடத்திப் புரதம் அதைக் குருத்துக்கும் கதிருக்கும் முதலில் அனுப்புகிறது. மிகுதியாக வந்தால் சில மணி நேரத்துக்குள் அந்தப் புரதம் சிதைக்கப்பட, மாங்கனீசு பழைய இலைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. முதிர்ந்த இலை சுமையை ஏற்கிறது, கதிர் தப்பிக்கிறது. நெல் உலர் இலையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கும் மேல் மாங்கனீசைத் தாங்கிக்கொண்டு நிற்பதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று. பார்லி அதில் சிறு பங்கிலேயே துவண்டுவிடும். தாவரத்தின் மறுமொழியை அளப்பதற்கென்றே கருவி செய்த ஜகதீஷ் சந்திர போஸின் நகரத்தில் இருக்கிறோம். அவர் 1917இல் நிறுவிய ஆய்வுக்கூடம் இன்றும் இங்கே இயங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்பைக் கண்டால் அவர் மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சாப்பிடுகிற நம்மைப் பற்றி. துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, நிக்கல் விஷயத்தில் பயிரே நமக்குக் காவல். தானியத்தில் அவை நம்மைப் பாதிக்கும் அளவுக்குச் சேர்வதற்கு வெகு முன்பே பயிர் படுத்துவிடும், மகசூல் விழுந்துவிடும். இழப்பு விவசாயிக்கு, உண்பவருக்கு ஆபத்து குறைவு. காட்மியத்துக்கு இந்தக் காவல் கிடையாது. அது பயிருக்கு எந்த வகையிலும் வேண்டாத உலோகம். ஆனால் துத்தநாகத்தின் நெருங்கிய உறவு. துத்தநாகத் தாதுவிலும் துத்தநாகக் கழிவிலும் கூடவே வரும், பயிரின் அதே வாசல்கள் வழியே நுழையும். பயிர் பச்சைப்பசேலென்று நிற்க, தானியத்தில் சேர்ந்துவிடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் நடந்தது அதுதான். மேலே கமியோகாவில் துத்தநாகச் சுரங்கம், கீழே நெல் வயல்கள். அந்த அரிசியையும் அந்த ஆற்றுநீரையும் நம்பி வாழ்ந்த பெண்களின் எலும்புகள் நொறுங்கின. ‘இத்தாய் இத்தாய்’ என்று வலியில் அலறியதே நோயின் பெயராயிற்று. 1968இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. கெட்டுப்போன 863 ஹெக்டேர் வயலின் மண்ணை மாற்றி மீட்டெடுக்க 33 ஆண்டுகள் ஆயின. 2012இல்தான் அந்த வேலை முடிந்தது.

வங்காளத்து நெல்லுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. வயலில் நீர் நிற்கும்வரை காட்மியம் கரையாமல் அடங்கிக் கிடக்கும். ஆனால் நீர் நின்றால் ஆர்சனிக் கரைந்து தானியத்துக்கு ஏறும். இங்கே பல மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது நாம் அறிந்த துயரம். நீரை வடித்தால் ஆர்சனிக் குறையும், காட்மியம் எழும். எந்த வயலில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் நீரைக் கட்டுவதா, வடிப்பதா என்று முடிவு செய்ய முடியும். பொத்தாம்பொதுவாக ஆலோசனை சொன்னால் பாதிப் பேருக்கு அது தீங்காகவே முடியும்.

மண்ணில் சேர்ந்த உலோகம் எத்தனை காலம் இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணை சாட்சி. 1942 முதல் 1961 வரை அங்கே சாக்கடைக் கசடை உரமாக இட்டார்கள். நிறுத்திப் பல பத்தாண்டுகள் கழித்தும் உலோகங்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருந்தது. தானியப் பயிர்கள் ஓரளவு சமாளித்துக்கொண்டன. அடிபட்டது தீவனப் பயறான வெள்ளைக் குளோவர். அதன் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணில் திறன் இழந்துபோயிருந்தன. இதை 1980களில் கண்டறிந்தார்கள். நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளிக்கும் காவிரி டெல்டாவுக்கும், நெல்லுக்குப் பின் மசூர் விதைக்கும் வங்காளத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. நெல் நன்றாக நிற்கிறது என்பதை வைத்து மண் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இத்தனையும் படித்துவிட்டு யாரும் ஜிங்க் சல்ஃபேட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 கிலோ ஜிங்க் சல்ஃபேட்டில் துத்தநாகம் சுமார் 5 கிலோ. ஹெக்டேருக்கு 6 டன் விளையும் பயிர் எடுப்பது 300 கிராம். ஆண்டுக்கு இரண்டு போகமும் இப்படியே 20 ஆண்டுகள் இட்டால் மேல்மண்ணில் கிலோவுக்கு ஏறக்குறைய 90 மில்லிகிராம் கூடும். நம் நாட்டில் பொதுவாகச் சுட்டப்படும் உச்சவரம்பு கிலோவுக்கு 300 முதல் 600 மில்லிகிராம். ஆக, உரத்தினால் மட்டும் உடனே ஆபத்து இல்லை. ஆனால் ஒருமுறை இட்ட துத்தநாகம் அடுத்தடுத்த போகத்துக்கும் உதவும் என்பதால், ஒவ்வொரு போகமும் இடுவது பல வயல்களில் வீண் செலவு. நகரக் குப்பை உரத்தில் துத்தநாகம் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிக்கிறது. அந்த வரம்பில் உள்ள உரம் 10 டன் இட்டால் 10 கிலோ துத்தநாகம், அதாவது இரண்டு போகத்து ஜிங்க் சல்ஃபேட்டுக்குச் சமம். அதற்குமேல் ஜிங்க் சல்ஃபேட்டும் இட்டு, குளத்துச் சேறும் போட்டு, ஆலைக் கழிவு கலந்த நீரும் பாய்ந்தால் கணக்கு வேகமாக ஏறும். மண் அமிலமாக இருந்தால் தீங்கு இன்னும் விரைவில் தெரியும். மண்ணின் கார அமில நிலை ஓர் எண் இறங்கினால் துத்தநாகத்தின் கரைதிறன் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். கங்கை வண்டலின் இயல்பான காரத்தன்மையும் மண்ணில் மக்கிய பொருள் அதிகம் இருப்பதும்தான் தாப்பாவை இதுவரை பெருமளவு காத்துவருகின்றன.

நம் ஊரில் இதே நிலை எங்கே என்று கேட்பீர்கள். பாலாற்றங்கரையில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளமானது. நான்கு மாதங்களில் கொல்கத்தாத் தோல் கூடங்களுக்கும் உத்தரவு வந்தது. இரண்டு ஊரின் மண்ணுக்கும் நோய் ஒன்றுதான். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நம் முன்னோர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அந்த ஏரிக்கு மேலே ஆலையோ பட்டறையோ நகரச் சாக்கடையோ இருந்தால், வண்டியைக் கட்டுவதற்கு முன் ஒரு கைப்பிடி வண்டலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பரிசோதனை என்றதும் மண்வள அட்டை நினைவுக்கு வரும். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டம் 12 அளவுகளைச் சொல்கிறது. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய நுண்ணூட்டங்களும் அதில் உண்டு. ஆனால் அந்த அட்டை கேட்கும் கேள்வி ‘குறைவா, போதுமா?’ என்பது. பயிர் எடுக்கக்கூடிய துத்தநாகம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராமைத் தாண்டினால் பொதுவாகப் போதுமானது என்று கொள்வார்கள். 0.7 இருந்தாலும் அதே பதில், 70 இருந்தாலும் அதே பதில். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் அட்டையிலேயே இல்லை. நாடு முழுவதற்கும் இந்த முறை போதும்தான், ஏனென்றால் பெரும்பாலான மண்ணில் குறைபாடே பிரச்சினை. நகரக் கழிவு பாயும் வயல்களுக்கும் தொழிற்பேட்டை ஓரத்து வயல்களுக்கும் இது போதாது. அங்கே ‘மிகுதி’ என்ற மூன்றாவது பதிலும், நச்சு உலோகங்களின் அளவும் அட்டையில் வர வேண்டும். மோகன்பூரில் விதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகமும் கோவையில் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கும்போது இது செய்ய முடியாத காரியமன்று. செலவை அந்த விவசாயி தலையில் கட்டக் கூடாது. கழிவை அனுப்பிய நகரம்தான் ஏற்க வேண்டும்.

தாப்பா காய்கறியை, பேரி மீனை விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த விவசாயிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரத்தின் அழுக்கை உணவாக மாற்றித் தந்தவர்கள். அவர்களுடைய விளைச்சலைப் புறக்கணித்தால் நிலம் கைமாறும், கட்டடம் எழும், சாக்கடை அப்படியே இருக்கும். அவர்கள் உலோகத்தைக் கண்ணால் பார்த்து வடிகட்ட முடியாது. சாக்கடையில் அதைக் கலக்காமல் இருக்க நம்மால் முடியும்.

ஆகவே, வாசகர்களே, இரண்டு வேண்டுகோள். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை பயிர் மஞ்சளானால் கடைக்குப் போவதற்கு முன் மண்ணையும் இலையையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு பயிரைப் பிடுங்கி வேரையும் கழுவிப் பாருங்கள். கொல்கத்தாவில் இருப்பவர்கள், தீர்ந்த பேட்டரியையும் பழைய சார்ஜரையும் உடைந்த செல்போனையும் குப்பையில் போடாமல் தனியே சேர்த்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். உங்கள் தெருவில் முலாம் பட்டறையின் கழிவு சாக்கடையில் கலந்தால் மாநகராட்சிக்கு எழுதுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்